தூறல் பத்து, இடி தொண்ணூறு

பூனை நடை நடக்க வேண்டிய திருடன், லாரியிலிருந்து கருங்கல் சரிவது போல ஸ்பீக்கரில் நடந்து வந்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. அதற்கப்புறம் இடி இடித்தது. இடித்ததாகத் திரையில் இருந்தது, யாருக்கும் கேட்கவில்லை.

"இடி வந்திச்சா?" என்றார் பெரியவர்.

"எலி தும்மின மாதிரி ஒண்ணு வந்திச்சு. அதுவா இருந்தா வந்திச்சு," என்றார் காதக்கா.

சின்னவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் வீட்டின் கீழ்த்தளத்தில் சேர்ந்து நடத்திய தொழில் அது. எதையும் பதிவு செய்யாமல் வெறும் எண்களிலிருந்தே ஒலியை உண்டாக்கும் மென்பொருள். ஒலியை உண்டாக்கும் எஞ்சின் அண்ணனுடையது. அவரைத்தான் எல்லோரும் பெரியவர் என்பார்கள். தம்பி சின்னவர் செய்துகொண்டிருந்தது அந்த எஞ்சினோடு சேரும் ஓர் இணைப்பு. கணினி தெரியாத ஆள்கூட 'தூறல் 10, இடி 90' என்று ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டால் போதும். இணைப்பு அதைப் படித்து எஞ்சினுக்குச் சொல்லும், எஞ்சின் தூறும், இடிக்கும். காதக்கா அவர்களிடம் சோதனை வேலை பார்த்தவர். கேட்பதுதான் அவர் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான்.

இந்த இணைப்பு வேண்டும் என்று சொன்னவர் ஒரு நாடகக் குழுவை நடத்தும் அம்மாள். திருடன் அவருடைய நாடகத்தில் வருபவன். காலமெல்லாம் தகரத்தை ஆட்டி இடி உண்டாக்கித் தோள்பட்டை போனவர். மேடை ஒத்திகையில் ஒழுங்காகக் கேட்டால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பெரியவரும் ஒன்று சொல்லியிருந்தார்.

"இதுவும் போச்சுன்னா ஆளுக்கொரு வழிடா. சேர்ந்து உக்காந்து சண்டை போடறதைவிட, பிரிஞ்சு உக்காந்து சும்மா இருக்கலாம்."

சின்னவருக்கு வேலை போவது பற்றிக்கூட பயமில்லை. அண்ணனைப் பிரிந்து ஒரு நாள் வேலை செய்ததில்லை. அதுதான் பயம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. சின்னவரின் இணைப்பில் எண் ஏறினால் சத்தம் ஏறும். பெரியவரின் எஞ்சினில் அதே எண் சத்தத்தை அடைக்கிற எண். பூஜ்யம் என்றால் தொண்டை முழுக்கத் திறந்திருக்கும். நூறு என்றால் வாய் பொத்தியாகிவிட்டது. இவர் 'பத்து' என்று மெதுவாகச் சொன்னது அங்கே போய்ப் பெருங்கூச்சலாக இறங்கியது. இரண்டும் தனித்தனியே சரி. சேர்த்தால் தலைகீழ்.

யாராவது ஒருவர் தன் பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். நூறிலிருந்து கழித்துக்கொள்ள ஒரே ஒரு வரி.

"நீ திருப்புடா," என்றார் பெரியவர்.

"நான் எதுக்குண்ணே? எழுதப் போறவங்க நாடகக்காரங்க. பத்துன்னா சின்னது, தொண்ணூறுன்னா பெருசுன்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"என் எஞ்சின் உன் இணைப்புக்கு முன்னாடி பொறந்தது. பின்னாடி வந்ததுதான் வளைஞ்சு குடுக்கணும்."

"முன்னாடி பொறந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?"

சின்னவர் எஞ்சினைத்தான் சொன்னார். பெரியவர் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

"காதக்கா, அவன்கிட்டச் சொல்லுங்க. நான் மாத்த மாட்டேன்."

"அக்கா, அவர்கிட்டச் சொல்லுங்க. நானும் மாட்டேன்."

இருவருக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் காதக்கா உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கும்னு நினைக்கிறேன். கேக்கலேன்னா சத்தத்தை ஏத்தறேன். எந்தப் பக்கம் திருகினா ஏறும்னு மட்டும் முடிவு பண்ணிச் சொல்லுங்க," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒருவர் எழுதியதில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று முன்பே அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஒருமுறை சின்னவர் நல்லது செய்வதாக நினைத்து அண்ணன் எழுதியதைச் சுத்தம் செய்து வைக்க, பெரியவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் போலத் திரிந்ததில் வந்த கட்டுப்பாடு. முடித்த பாகத்தை மட்டும் சாயங்காலம் பொதுவில் வைப்பார்கள். அது தைத்து மூடிய தலையணை மாதிரி. உள்ளே இருப்பது பஞ்சா கந்தலா என்று வெளியே தெரியாது. காலையில் காதக்கா இரண்டையும் சேர்த்து ஓட்டிக் கேட்பார்.

அன்று மத்தியானம் முதல்முறையாக ஆளுக்கொரு அறையில் சாப்பிட்டார்கள். சின்னவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. சின்ன வயதிலிருந்து அவர் தட்டுக் கத்தரிக்காயை எடுத்துப் போட்டுக்கொள்வது அண்ணன்தான். கேட்டு எடுக்க மாட்டார், பேசிக்கொண்டே கை நீளும். இன்று கத்தரிக்காய் தட்டோரத்தில் அப்படியே கிடந்தது.

"ஒரு வரிதானேங்க? போட்டுட்டு வேலையைப் பாருங்களேன்," என்றாள் தட்டு எடுக்க வந்த மனைவி.

"அது வரி இல்ல. தன்மானம்."

"ஓஹோ. தன்மானம் எத்தனை வரி வரும்?"

சின்னவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு வரியைப் போட்டார். அண்ணனின் பழைய எஞ்சின் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. சேர்த்து ஓட்டினார். திருடன் பூனையாக வந்தான். இடி இடியாக இடித்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினது போல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தால் தோற்றவன் ஆகிவிடுவோம்; சொல்லாமல் விட்டுக்கொடுத்தால் பெரிய மனிதன். அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு. நாலு எட்டு வைத்தால் எதிர் அறை. போய் 'அண்ணே, நான் மாத்திட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வரிகூட ஆகியிருக்காது.

காலையில் சின்னவர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். பெரியவரும் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். காதக்கா இரண்டையும் சேர்த்து ஓட்டினார்.

கருங்கல் சரிந்தது. எலி தும்மியது.

சின்னவர் அண்ணனைப் பார்த்தார். பெரியவர் தம்பியைப் பார்த்தார்.

"பெரிய ஆளுடா நீ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் தன் அறைக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

சின்னவர் உட்கார்ந்து யோசித்தார். நான் திருப்பினேன். திருப்பினதும் சரியாக இருந்தது. இப்போது சரியில்லை என்றால் அண்ணன் பக்கமும் திரும்பியிருக்கிறது. மாட்டேன் என்றால் மாட்டாத மனிதர் அவர். செத்தாலும் மாட்டார். அப்படிப்பட்டவர் திருப்பியிருக்கிறார் என்றால், நான் திருப்பியதை எப்படியோ தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்!

யோசிக்க யோசிக்க வேறு விதமாக நினைக்க வழியே தெரியவில்லை. கோபக்காரன் புத்தி ஒற்றையடிப் பாதை. எதிரில் வருகிறவனுக்கு அதில் இடம் கிடையாது.

'சரி, அவர் திருப்பினது திருப்பினதாகவே இருக்கட்டும். நான் என்னுடையதைப் பழையபடி வைத்துவிட்டால் என்ன செய்வார்?' அன்று மத்தியானமே அந்த வரியை எடுத்துவிட்டார். இந்த முறை திரை மேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் தலையை விட்டு, ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிறவர் மாதிரி உட்கார்ந்து எடுத்தார்.

மறுநாள் காலையிலும் திருடன் லாரியோடுதான் வந்தான்.

ஒருமுறை நடந்தால் தற்செயல். துண்டைப் போட்டுக்கொண்டு செய்ததும் தெரிந்துவிட்டது என்றால்? யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள். சின்னவர் கண் காதக்காவின் மேல் விழுந்தது. இரண்டு பேருடைய பாகமும் இவர் கை வழியாகத்தானே போகிறது?

"அக்கா, நான் ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க தம்பி."

"நான் என்ன மாத்தறேன்னு அண்ணன்கிட்ட யார் சொல்றாங்க?"

காதக்கா ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். "நீங்க மாத்தறீங்களா? எனக்கே இப்பதான் தெரியுது."

"நடிக்காதீங்கக்கா."

அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே போனதுமே சின்னவருக்கு அதைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. இழுக்கவில்லை. காதக்கா ஹெட்போனைக் கழற்றி, வயரை அழகாகச் சுற்றி, மேசை மேல் வைத்தார்.

"தம்பி, எனக்குக் காதுதான் வேலை செய்யும். வாய் வேலை செஞ்சிருந்தா என்னைக்கோ வேற எங்கேயாவது போயிருப்பேன்," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவர் கதவைத் திறந்து, "அக்கா எங்கே?" என்றார். "கேட்டதுக்குக் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க," என்றார் சின்னவர். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டது போல மூடிக்கொண்டார். அதையும் சின்னவர் குற்றமுள்ள நெஞ்சின் குறுகுறுப்பு என்றே குறித்துக்கொண்டார்.

ஒத்திகை நெருங்கிவிட்டது. போகட்டும், யார் கெடுத்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று சின்னவர் மனசு மறுபடி இளகியது. இந்த முறை அலுவலகக் கணினியையே தொடவில்லை. மாடிக்குப் போய், மனைவியின் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு, அரிசி பருப்பு அடுக்கியிருந்த அறைக்குள் போய், வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பப் போட்டார்.

"எதுக்குங்க இங்க வந்து?" என்றாள் மனைவி.

"மெதுவா பேசு."

"வெங்காயத்துக்குக் கேட்டுருமா?"

மறுநாள், காதக்கா இல்லாததால், அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தாங்களே ஓட்டினார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒன்று விரிசல் விட்டது. மேல் வீட்டில் யாரோ தரையைத் தட்டினார்கள். மேல் வீடும் இவர்கள் வீடுதான், தட்டியது அண்ணி.

சின்னவர் படியேறிப் போய் மனைவி முன் நின்றார். "அண்ணிகிட்ட நீதானே சொன்னே?"

"எதை?"

"வெங்காயக் கூடை விஷயத்தை."

"உங்களுக்கு என்ன ஆச்சு? நீங்க அங்க உக்காந்து என்ன பண்ணீங்கன்னே எனக்குத் தெரியாது. கூடை உடைஞ்சது மட்டும்தான் தெரியும்."

"பின்னே அவருக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. "தம்பி, கீழே உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டைன்னாவது சொல்லுங்க. அங்க இடி இடிச்சா இங்க மழை பெய்யுது. உங்க அண்ணன் காலையிலேர்ந்து என்னைத் திட்டித் தீர்க்கறாரு."

"எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும்! நான் யார்கிட்ட என்ன பேசினேன்னு கேட்டாரு. மளிகைக்காரர்கிட்டப் பேசினேன்னேன். அதுக்கும் திட்டினாரு."

'தன் பொண்டாட்டியைத் திட்டுவது போல நாடகம் வேறு' என்று சின்னவர் நினைத்தார். நாடகக்காரம்மா ஆளுக்கு அலைய வேண்டியதே இல்லை. அன்றிலிருந்து மனைவியிடம் வேலை பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்தார். மனைவி எந்த வார்த்தையும் பேசுவதில்லை என்று முடிவு செய்தாள். ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு ரசம் வைத்தார்கள். இரண்டும் ஒரே ருசிதான். இரண்டிலும் உப்பு இல்லை.

ஒத்திகைக்கு முதல் நாள் சின்னவர் பெரிய யோசனை ஒன்று கண்டுபிடித்தார். நான் எதைச் செய்தாலும் தெரிந்துகொள்கிறார். செய்தால்தானே தெரியும்? ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டால்? நான் திருப்புவேன் என்று நினைத்து அவர் திருப்புவார். நான் திருப்பியிருக்க மாட்டேன். தானாகச் சரியாகிவிடும். யாரும் போட்டுக் கொடுக்க முடியாது. போட்டுக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

அன்று பகல் முழுக்க அறையைச் சாத்திக்கொண்டு விசைப்பலகையைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார், வெளியே கேட்கட்டும் என்று. எதிர் அறையிலும் தட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. 'திருப்புகிறான், திருப்புகிறான்' என்று சின்னவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அண்ணனை மனசுக்குள் 'அவன்' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. சொன்ன பிறகு வாய் கசந்தது.

ஒத்திகை மேடையில் விளக்கு அணைந்தது. கட்டிலில் வீட்டுக்காரர் வேஷக்காரர் குறட்டை விட்டுத் தூங்கினார். திருடன் வேஷக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தார்.

அரங்கமே குலுங்கியது.

தூங்க வேண்டியவர் அலறி எழுந்து உட்கார்ந்தார். திருடன் பயந்துபோய்ச் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, "நான் இல்லீங்க, சத்தியமா நான் இல்லீங்க!" என்று பக்கவாட்டைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த காட்சியில் வில்லன் துப்பாக்கியை நீட்டிச் சுட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கதாநாயகன் விழாமல் நின்றார். வில்லன் மறுபடி சுட்டார்.

"சுட்டாச்சா?" என்று கதாநாயகன் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு தடவை சுட்டுட்டேன். விழுய்யா!"

குழுவில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாடகக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து இருவர் தோளிலும் கை வைத்தார்.

"நல்ல புள்ளைங்கதான் நீங்க. ஆனா பழைய தகரம் இன்னும் குடோன்லதான் இருக்கு. அது ஆட்டினா இடிக்கும், ஆட்டலேன்னா சும்மா இருக்கும். எனக்கு அது போதும்."

சின்னவருக்கு அவர் சொன்னதே காதில் ஏறவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை என்பது அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது? அந்த ஒரு கேள்வியே மண்டைக்குள் சுற்றியது. வாசலில் நின்று, ஒட்டுக் கேட்கும் கருவி ஏதாவது வைத்திருக்கிறாரோ என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். காலரைத் திருப்பிப் பார்த்தார். பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு இவ்வளவு வஞ்சம் இருக்கும்னு நான் நினைக்கலடா," என்றார்.

"எனக்கா வஞ்சம்? எனக்கா?"

"விடு. பேசி என்ன? பிரிச்சிக்கலாம்."

"பிரிச்சிக்கலாம்."

நடந்த அத்தனையிலும் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான் என்று சின்னவர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். ஒரே வண்டியில்தான் வந்தார்கள். வண்டி ஒன்றுதான் இருந்தது.

அந்த வாரமே தச்சர் வந்தார். கீழ்த்தளத்துக் கூடத்தின் நடுவே ஒட்டுப்பலகை வைத்துத் தடுப்புப் போட வேண்டும். காலையில் அண்ணன் பக்கத்துச் சட்டங்களை நிறுத்திவிட்டு, மத்தியானம் தம்பி பக்கம் வந்தார். காதக்கா உட்கார்ந்திருந்த இடத்தில்தான் தடுப்பு நேராக விழுந்தது. அவருடைய நாற்காலியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் சின்னவர் அதை வாசல் பக்கம் நகர்த்தினார்.

"சாருக்கு எவ்வளவு கனத்துல வேணும்?" என்றார் தச்சர், பென்சிலைக் காதிலிருந்து எடுத்து.

"நல்ல கனமா. அந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் இந்தப் பக்கம் கேக்கக் கூடாது."

"கூடப் பொறந்தவங்கன்னு சொன்னாங்க. பாத்தாலே தெரியுது, மூக்கு ஒரே மூக்கு." தச்சர் அளவு நாடாவை இழுத்து முனையைச் சின்னவரிடம் கொடுத்தார். "இப்படிப் பிடிங்க. எதுக்கு சார் இவ்வளவு?"

யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபம். சின்னவர் நாடாவைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாளே மனசு கேட்காமல் தன் பக்கத்தைத் திருப்பி வைத்தது, துண்டு போட்டு உட்கார்ந்தது, காதக்காவைப் பேசியது, வெங்காயக் கூடை, கடைசியில் ஒன்றுமே செய்யாமல் இருந்தது. சொல்லும்போது கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது கோபத்தைக் காணோம்.

"அவருக்காகத்தாங்க விட்டுக் குடுத்தேன். அதையும் கண்டுபிடிச்சுக் கெடுத்தாரு பாருங்க. கூடப் பொறந்தவரு."

தச்சர் பலகையை நிமிர்த்தி, சட்டத்தோடு சேர்த்து, முழங்காலால் முட்டுக் கொடுத்தார். வாயிலிருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்துப் பலகையில் ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"அதிசயமா இருக்கே சார்! காலையில அந்தப் பக்கம் பெரியவரும் இதையேதான் சொல்லிக் கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு: முதல் நாளே தம்பிக்காகன்னு யாருக்கும் சொல்லாம அவரோடதைத் திருப்பி வெச்சாராம், அதை நீங்க எப்படியோ தெரிஞ்சுகிட்டுக் கெடுத்துட்டீங்களாம், கடைசி நாள் அவர் சும்மா இருந்ததைக்கூடக் கண்டுபிடிச்சிட்டீங்களாம்... நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், அடிச்சிரலாமா?"